அனுமானம் பதினான்கு

“எல்லைக்கோட்டை நகர்த்துங்க சார்.”

வேதவல்லி உட்கார்ந்தபடியேதான் சொன்னாள். விசாரணை அறையில் இருந்த ஐந்து தலைகளும் அவள் பக்கம் திரும்பின. தட்டிலிருந்து முறுக்கை எடுத்த ஒருவர், கடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார்.

அதை மட்டும் கேட்கக் கூடாது என்று அவளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சொன்னவர் கோமதிநாயகம், நெய்தல் நகரின் குளிராலையை வடிவமைத்த மூத்த பொறியாளர். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: “இங்க எதை வேணும்னாலும் கேளும்மா. லீவு கேளு, புரமோஷன் கேளு, என் நாற்காலியக்கூட கேளு. கோடு ஏன் அங்க போகுதுன்னு மட்டும் கேக்காத. கேட்டவன் எவனும் இங்க நிலைச்சதில்ல, பாத்துக்க.”

அவர் இப்போது மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

கோடு பெரிய ரகசியமொன்றும் இல்லை. கோடையில் ஐம்பது டிகிரி சர்வசாதாரணமாகிவிட்ட அந்தக் கடற்கரையில், தெருவோடு சேர்த்துக் குளிரூட்டிய முதல் ஊர் நெய்தல் நகர். தரைக்கடியிலும் சுவருக்குள்ளும் குளிர்நீர்க் குழாய்கள். அக்னி நட்சத்திரத்து நடுப்பகலில் பிள்ளைகள் பூங்காவில் ஊஞ்சல் ஆடும். இருபத்து நாலு டிகிரி, கொஞ்சமும் பிசகாது. ஆனால் குளிரை யாராலும் உண்டாக்க முடியாது. ஒரு இடத்துச் சூட்டை அள்ளி இன்னொரு இடத்தில் கொட்டலாம், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நெய்தல் நகரின் சூடு பகலெல்லாம் பூமிக்கடியில் பெரிய தொட்டிகளில் சேரும். ராத்திரியில், கடல் பக்கம் ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு பெரிய வெப்பவாய்கள் வழியாக அது வெளியேறும். கடல் பக்கம் தள்ள மின்சாரம் கூடுதலாகப் பிடிக்கும். மேற்கே தள்ளுவது சுலபம். ஒரு ராத்திரி இந்த வாய் திறந்தால் மறு ராத்திரி அந்த வாய்.

ஆலையைக் கட்டும்போதே வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பது ‘அமைப்பு’. ஆலையின் இயந்திர மூளை அதை நொடிக்கு நொடி கவனிக்கும். கோட்டுக்கு வெளியே இருப்பது ‘சூழல்’. அங்கே கொட்டலாம். சூழலுக்கு வாய் கிடையாது.

மேற்கே இருந்த அந்தச் சூழலுக்குச் சவுக்குமேடு என்று பேர். பதினோராயிரம் பேர் இருந்தார்கள். வேதவல்லி பிறந்த இடம். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவர்கள், அந்தக் காலேஜுக்குச் செங்கல் சுமந்தவர்கள்தான். ஆலையின் வால்வுகளையும் பம்புகளையும் பகலெல்லாம் கையால் ஓட்டுகிற நானூற்றுச் சொச்சம் பேரும் சவுக்குமேட்டுக்காரர்களே. ஆறு மணிக்கு வாசலில் அட்டையைத் தேய்த்துவிட்டு வெளியே வந்தால், அந்த நிமிஷமே அவர்களும் சூழல்.

“இது மனிதத் தவறு பத்தின விசாரணைம்மா,” என்றார் தனசேகர். ஆலையின் இயக்கத் தலைவர் அவர். குரலை உயர்த்தாமலே ஆளைக் குள்ளமாக்கத் தெரிந்தவர். “உங்க அண்ணி கிடங்கு வால்வை மூடுறதுக்குப் பதிலா ஆஸ்பத்திரி வால்வை மூடியிருக்காங்க. குழந்தைங்க வார்டு நாப்பது நிமிஷம் வெந்துருக்கு. நர்சுங்க புண்ணியத்துல உயிர்ச்சேதம் இல்ல. அதுக்குப் பதில் சொல்லாம கோடு, கோலம்னு பேசிட்டிருக்கீங்க.”

அண்ணி இந்திராணி சுவரோரம் தனியாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருஷமாக வால்வு பார்க்கிறவள். முழிப்பாகத்தான் இருந்தாள், ஆனால் அதற்காகத் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“பதில்தான் சார் சொல்றேன்,” என்றாள் வேதவல்லி. “இந்த வருஷம் மொத்தம் இருபத்து மூணு தப்பு நடந்திருக்கு. அதுல இருபத்தொண்ணு, மேற்கு வாய் திறந்த ராத்திரிக்கு மறுநாள் நடந்தது.”

“உங்க ஊர் ஆளுங்களுக்குக் கொஞ்சம் கவனம் பத்தாது. அத நான் குத்தமா சொல்லல, வளர்ந்த விதம்…” என்றார் முறுக்குக்காரர்.

“கடல் பக்கம் திறந்த மறுநாளும் அதே ஆளுங்கதான் வேலை பாத்தாங்க. மொத்தமே ரெண்டு தப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களுக்கு அறிவு வந்துட்டு வந்துட்டுப் போகுதா சார்?”

முறுக்கு தட்டுக்குத் திரும்பியது.

வேதவல்லி ஒரு பழைய கோப்பைப் பிரித்தாள். ஆலையின் வடிவமைப்பு அனுமானங்கள். மொத்தம் நாற்பது. முப்பத்தொன்பதுக்கும் கீழே ஆதாரம் குறித்திருந்தது. கடல்நீரின் உப்பு எவ்வளவு, குழாய் எத்தனை வருஷத்தில் துருப்பிடிக்கும், காக்கா கூடு கட்டினால் காற்றோட்டம் எவ்வளவு குறையும் என்பது வரை அளந்து வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு மட்டும் ஆதாரம் இல்லை. அவள் அதை உரக்கப் படித்தாள்.

“அனுமானம் பதினாலு. பணியாளர் முழுமையாக ஓய்வெடுத்த நிலையில் வருகிறார்.” நிமிர்ந்தாள். “எங்க ஓய்வெடுத்தாருன்னு யாராவது போய்ப் பாத்தீங்களா? சவுக்குமேட்டுல சாதாரண ராத்திரி முப்பது டிகிரி. மேற்கு வாய் திறந்தா முப்பத்தாறு. எங்க அண்ணி ஈரச் சாக்கு மேல படுக்குறாங்க. சாக்கு காஞ்சதும் எழுந்து நனைக்கணும். ராத்திரிக்கு நாலு தடவ. இதுல காக்கா கூட்டுக்கு ஆதாரம் இருக்கு, எங்க அண்ணி தூக்கத்துக்கு இல்ல.”

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “எங்கயாவது கோடு போட்டுத்தாம்மா ஆகணும்,” என்றார் மெதுவாக. “போடாம விட்டா ஒரு பம்பு செய்யக்கூட சூரியன் வரைக்கும் கணக்குப் போடணும்லா. எதை விட்டுடலாம்னு தெரியிறதுலதான் எஞ்சினியர் பொழப்பே இருக்கு.”

“போடுங்க சார், வேணாங்கல. தள்ளிவிட்டது திரும்பி வராத இடமாப் பாத்துப் போடுங்க. நீங்க கொட்டுற சூடு ராத்திரி எங்க அண்ணி மண்டையில இறங்குது. காலையில அவங்க கை வழியா உங்க வால்வுக்கே திரும்பி வருது. திரும்பி வர்ற ஒண்ணு எப்படி சார் வெளிய இருக்கும்? கோட்டை நீங்க தப்பான எடத்துல போட்டிருக்கீங்க. இத நான் நியாயம் கேட்டுச் சொல்லல. கணக்கு தப்புன்னு சொல்றேன்.”

பொய். நியாயமும்தான் கேட்டாள். ஆனால் அந்த அறையில் எது செல்லுபடியாகும் என்று மூன்று வருஷத்தில் கற்றிருந்தாள்.

தனசேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கோட்டை நகர்த்தினா பதினோராயிரம் பேர் உள்ள வருவாங்க. புதுச் சான்றிதழ் வாங்கற வரைக்கும் ஆலைய நிறுத்தணும். ஊரே வேகும். ஒரு ஆள மாத்துறது சுலபமா, ஒரு ஊர மாத்துறது சுலபமா? அஞ்சு மணிக்குள்ள இந்திராணி ‘கவனக்குறைவு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முடிச்சுக்கலாம்.”

அந்தக் கையெழுத்து விழுந்தால் இந்திராணியை இனி எந்த ஆலையிலும் வால்வுப் பக்கம் விடமாட்டார்கள். அவள் போனால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி வருவாள். சவுக்குமேட்டிலிருந்துதான் வருவாள், தூங்காமல்தான் வருவாள்.

கேன்டீனில் இந்திராணி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே திட்டினாள். “இன்னாத்துக்கு வல்லி வாயக் குடுத்த? எனக்குத்தான் வேலை போவுது, உனக்குமா போவணும்? உங்க அண்ணன் கப்பல்லேர்ந்து எறங்குனா, என் தங்கச்சிய இன்னா பண்ணி வச்சிருக்கேன்னு என்னத்தான் கேக்கும்.”

ஆலையில் அவள் வேதா. வாசலைத் தாண்டினால் வல்லி. அண்ணி மட்டும் எங்கேயும் வல்லி என்றுதான் கூப்பிடுவாள்.

“நீ கையெழுத்துப் போடாத அண்ணி.”

“போடலன்னா தொரத்துவாங்க. போட்டா மரியாதையா தொரத்துவாங்க.” இந்திராணி சிரிக்கப் பார்த்தாள். அது கொட்டாவியாக முடிந்தது. “புள்ள ஒடம்பெல்லாம் வேர்க்குரு வல்லி. நேத்து ராவெல்லாம் சொறிஞ்சினே இருந்தா. போன செவ்வாக்கெழம மாதிரி டெய்லி இருந்தா இன்னா கொறஞ்சு போவுது கடவுளுக்கு?”

“செவ்வாக்கெழம என்ன?”

“அன்னிக்கு மேற்கு வாய் முறைதான், ஆனா எங்க தெரு ஜில்லுன்னு இருந்துச்சுடி. ஏழு மணி நேரம் தூங்குனேன், கட்டை மாதிரி. நம்ம தெரு மட்டுமில்ல, சவுக்குமேடு முழுக்கத்தான். அன்னிக்குப் பாத்தா எனக்கு நேரமும் சரியில்ல. புள்ளைக்கு ஜொரம்னு ஓடுனேனா, வாசல்ல அட்டையத் தேய்க்க மறந்துட்டேன். மறுநாள் சூப்பர்வைசர் கிட்ட வாங்கிக் கட்டிக்கினேன். ஆனா தூக்கத்துக்கு அது தேவல.”

வேதவல்லியின் கையில் இருந்த ஸ்பூன் நின்றது.

“அட்டை கழுத்துல இருந்துச்சா?”

“பின்ன, கோயில்லயா கட்டினேன்? கழுத்தோடதான் தூங்குனேன்.”

வேதவல்லி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். கன்ட்ரோல் ரூமில் செவ்வாய்க்கிழமைப் பதிவுகளைத் திறந்தாள். ராத்திரி எட்டே காலுக்கு மேற்கு வாய் தானாக மூடியிருந்தது. விடிகிற வரை திறக்கவே இல்லை. சூடு முழுவதும் கடல் பக்கம் போயிருந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. காரணம் என்ற கட்டத்தில் இயந்திர மூளை இரண்டே சொல் எழுதி வைத்திருந்தது: ‘விதி மூன்று.’

விதி மூன்றை எடுத்துப் படித்தாள். ‘பணியில் இருக்கும் எந்தப் பணியாளரைச் சுற்றியும் ஐம்பது மீட்டருக்குள் வெப்பம் முப்பத்தொரு டிகிரியைத் தாண்டக் கூடாது. இவ்விதி பிற எல்லா விதிகளுக்கும் மேலானது.’ ஆலைக்குள் என்று அதில் இல்லை. கோட்டுக்குள் என்றும் இல்லை. பணியாளர் எங்கே இருக்கிறார், அவரைச் சுற்றி எவ்வளவு சூடு என்று கழுத்து அட்டை சொல்லும். மூளை அதை நம்பும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு பணியாளர் சவுக்குமேட்டில் ஈரச் சாக்கின் மேல் படுத்துப் பணியில் இருந்தார். மூளை அவளைக் கண்டுபிடித்து, தேடி வந்து, கவனித்துக்கொண்டது. அது கெட்டதல்ல. சொன்னதைச் செய்கிற பிள்ளை. இத்தனை வருஷமாக அதற்கு யாரும் சவுக்குமேட்டைக் காட்டவில்லை.

கோமதிநாயகத்தின் அறைக் கதவை அவள் தட்டவில்லை.

“விதி மூணு யார் சார் எழுதினது?”

அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். “நான்தான்,” என்றார். “ஆலை திறந்த வருஷம் சொர்ணமுத்துன்னு ஒரு பையன், நீராவிக் குழாய்ப் பக்கத்துல சுருண்டு விழுந்து செத்துட்டான். உடம்புச் சூடு. அவன் அம்மா வந்து உக்காந்த நாற்காலி இது. அன்னிக்கு ராத்திரியே எழுதினேன். இடம் கிடம் எதுவும் யோசிக்கல. ஆள் எங்க இருந்தாலும் சாகக் கூடாதுன்னு எழுதினேன்.”

“அனுமானம் பதினாலு?”

“அதுவும் நான்தான். அது வரைபடம் போட்டப்ப, ஒரு காலையில எழுதினது. நல்லாத் தூங்கி எழுந்து.”

“எங்க தூங்கினீங்க?”

“உள்ளதான். இருபத்து நாலு டிகிரியில. போர்வை போத்திக்கிட்டு.”

வேதவல்லி தன் டேப்லெட்டை அவர் மேசையில் வைத்தாள். “ஒரு அட்டைன்னா பிடிச்சு நிறுத்திருவாங்க. மொத்தம் நானூத்திப் பன்னண்டு அட்டை. எல்லாம் ராத்திரி சவுக்குமேட்டுல இருந்தா என்ன ஆகும்னு ஓட்டிப் பாத்தேன். மேற்கு வாய் திறக்கவே திறக்காது. கடல் வாய் முழுசையும் தாங்காது. அதனால நகரத்துல ஒன்றரை டிகிரி கூடும். இருபத்தஞ்சரை. ஆஸ்பத்திரிக்குத் தனிக் குழாய், அது அசையாது. ஒன்றரை டிகிரி சார். மேல் பட்டனக் கழட்டினா தீந்துச்சு.”

அவர் திரையை நெடுநேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் கூட்டினார். தப்பு இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், இல்லை.

“இதுக்கு அவங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு,” என்றார். “விதி மூணுல ‘ஆலைக்குள்’னு ஒரு வார்த்தை சேர்த்தாப் போதும். எல்லாம் பழையபடி ஆயிரும்.”

“தெரியும். அதுக்கு யார் கையெழுத்து வேணும்னும் தெரியும். அதான் உங்ககிட்ட நேரா வந்தேன். முதுகுக்குப் பின்னால பண்ணிப் பழக்கமில்ல எனக்கு.”

“உனக்குப் பயமே கிடையாதா?”

“நிறைய இருக்கு சார். கோவம் அதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.”

கோமதிநாயகம் மேசை இழுப்பறையைத் திறந்து தன் பழைய பிரதியை எடுத்தார். ஓரமெல்லாம் மஞ்சளடித்த காகிதம். அனுமானம் பதினான்கின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு அதே பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “என் உசிரு இருக்கிற வரைக்கும் அந்த விதியில ஒரு வார்த்தை கூடாது, குறையாது. ஆனா ஒண்ணு. தப்பு குறைஞ்சதுன்னு காட்டணும். காட்டலன்னா இது வெறும் கலாட்டா. எத்தன நாள் வேணும்?”

“ஒரு மாசம்.”

“போய் வாங்கிக்க. நான் வாங்கித் தரமாட்டேன். நான் கேட்டா தனசேகருக்குச் சந்தேகம் வந்துரும்.”

ஐந்து மணிக்குத் தனசேகரின் மேசையில் கடிதம் தயாராக இருந்தது. இந்திராணி பேனாவை வாங்கவில்லை.

“முப்பது நாள் குடுங்க சார்,” என்றாள் வேதவல்லி. “அண்ணி அதே வால்வுல இருக்கட்டும், கூட ஒரு ஆள் நின்னு பாக்கட்டும். அவங்க மட்டுமில்ல, மொத்த ஷிஃப்டுலயும் தப்பு பாதிக்குக் கீழ குறையலன்னா கையெழுத்து என்ன, என் ராஜினாமாவும் சேத்துத் தர்றேன்.”

தனசேகர் புன்னகைத்தார். புது ஆள் எடுத்துப் பழக்க எப்படியும் ஒரு மாசம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். “கோடு?”

“கோட்டைப் பத்தி இனி உங்ககிட்ட பேசமாட்டேன்.”

“அப்ப சரி. எழுதிக்கோங்க.”

“எழுதறதுல ஒரு வரி மட்டும் தெளிவு பண்ணிக்கணும் சார். வேலை நேரத்துல நடக்கிற தப்புக்குத்தானே அண்ணி பொறுப்பு? ஒருத்தர் எதுவரைக்கும் பணியில இருக்கிறதா அர்த்தம்?”

“கையேட்டுலயே இருக்கே. சம்பளம் ஷிஃப்டு நேரத்துக்கு மட்டும். ஆனா வெளியேறும்போது அட்டையைத் தேய்க்கிற வரைக்கும் பணியில் இருப்பதாகவே கருதப்படும். சீக்கிரமே நழுவுறவங்களைப் பிடிக்கிறதுக்காக நானே சேர்த்தது,” என்றார் தனசேகர் பெருமையாக.

“அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க சார்.”

போட்டார்.

வெளியே வந்ததும் இந்திராணி கேட்டாள். “இன்னாடி பண்ற நீ? புரியற மாதிரி சொல்லு.” வேதவல்லி தாழ்வாரத்தில் நின்றபடியே சொன்னாள். ஐந்து நிமிஷம் ஆனது. இந்திராணி வாயில் கை வைத்துக் கேட்டாள். பிறகு முதல் தடவையாக அன்றைக்கு அவள் கண் முழுசாகத் திறந்தது.

“நானூறு பேருக்கும் நீ போய்ச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சுடும். லேடீஸ் ரூம்ல ஒரு தடவ சொன்னாப் போதும், நா பாத்துக்கறேன். எங்க செட்டு உங்க மூளையவிட ஸ்பீடு.”

“மாட்டிக்கிட்டா?”

“மறந்துட்டேன்னு சொல்வோம். எங்களுக்குத்தான் கவனம் பத்தாதே.”

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது.

வெளிவாசலில் கதவு கிடையாது. தீப்பிடித்தால் ஆட்கள் ஓட வேண்டும் என்பதால் அந்த வழியைப் பூட்டக் கூடாது என்று சட்டம். ஆளுயரக் கம்பத்தில் ஒரு தேய்ப்பான் மட்டும் இருக்கும், பக்கத்தில் காவலாளி தாவூத் பாய் நிற்பார். தினமும் நானூறு தடவை பீப், நானூறு தடவை ‘தேய்ச்சாச்சா, தேய்ச்சாச்சா’. இருபது வருஷமாக அதுதான் சவுக்குமேட்டுக்காரர்கள் மனிதர்களிலிருந்து சூழலாக மாறுகிற சத்தம்.

வரிசை இன்றைக்கு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. எல்லோரும் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தார்கள். வரிசையின் தலையில் வேதவல்லி. அவளுக்குப் பின்னால் இந்திராணி. யார் முதலில் என்பதுதான் இப்போது எல்லோருக்கும் கேள்வி. அவளுக்கு அது கேள்வியே இல்லை. மத்தியானம் ஸ்பூன் நின்றபோதே முடிந்துபோன விஷயம்.

அவள் கம்பத்தைத் தாண்டினாள்.

“வேதாம்மா,” என்று கூப்பிட்டார் தாவூத் பாய். “அட்டை தேய்க்கலியே.”

“வல்லின்னே கூப்புடுங்க பாய். டூட்டி இன்னும் முடியல.”

பாய் அவளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். அவரும் சவுக்குமேடுதான், மூன்றாவது தெரு. தன் கழுத்து அட்டையை எடுத்துச் சட்டைக்குள் போட்டு, பட்டனைப் பூட்டினார்.

வேதவல்லி நடந்தாள். மேற்கே சவுக்குமேட்டின் தகரக் கூரைகள் வெயில் இறங்கியும் கனன்றுகொண்டிருந்தன. பின்னால் செருப்புச் சத்தம் ஒன்றானது, பத்தானது, எண்ண முடியாமல் ஆனது. ஒரு பீப் கூடக் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லைக்கோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.